வானின் வைப்பர் பழுது: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் முறை

கொழும்பில் வைப்பர் தொல்லை கொடுக்கத் தொடங்குவது பெரும்பாலும் மே மாதத்தில்தான். ஜனவரி முதல் மார்ச் வரை அது அசையாமல் வெயிலில் கிடக்கும். றப்பர் காயும், கைகள் சுழலும் ஷாஃப்டில் உள்ள கிறீஸ் இறுகும், வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் நிற்கும் வான் என்றால் கடற்காற்றின் உப்பும் அதன்மேல் படியும். தென்மேல் பருவமழை இறங்கிய முதல் நாள் சுவிட்சைப் போட்டால் கை பாதி வழியில் நிற்கும். உடனே எல்லோரும் சொல்வது, “மோட்டர் போயிட்டுது.”

பல வேளைகளில் மோட்டர் போயிருக்காது. இறுகிப்போன ஷாஃப்ட்தான் மோட்டரைத் திணறவைக்கும். அந்தக் காரணத்தைத் தொடாமல் வேறு மோட்டர் வாங்கிப் பூட்டினால், அதுவும் சில மழைக்குள் சூடேறி நிற்கும். ஆகவே முதலில் அறிகுறியைக் கவனியுங்கள், பிறகு காசு செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள், மோட்டரைக் கடைசியில் பாருங்கள்.

டவுன்ஏஸ், ஹைஏஸ், கேரவன், எவ்ரி என்று வான் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். ஒரு மோட்டர் சுற்றுகிறது. அதன் நுனியிலுள்ள சிறிய கிராங்க் கை, இரண்டு கம்பிகள் வழியாக இரண்டு ஷாஃப்டுகளை இடமும் வலமும் திருப்புகிறது. ஷாஃப்டின் தலையில் வைப்பர் கை பூட்டப்பட்டிருக்கிறது. கையின் மறுமுனையில் றப்பர் செருகிய பிளேட் மாட்டியிருக்கும். கம்பியும் கிராங்கும் சேரும் இடங்களில் உருண்டையான குண்டும் அதைக் கவ்வும் நைலோன் புஷ்ஷும் இருக்கும்.

வேலைக்கு முன் இரண்டு எச்சரிக்கை

கண்ணாடிக்குக் கீழுள்ள மூடியைக் கழற்றிக் கை விடுவதற்கு முன் பற்றரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிடுங்கள். பாதியில் நின்றுபோன வைப்பருக்கு மின் வந்துகொண்டே இருக்கலாம். சிக்கலை விடுவித்த கணமே அது சுற்றும். கிராங்குக்கும் தகட்டுக்கும் இடையில் விரல் அகப்பட்டால் எலும்பு மிஞ்சாது.

அடுத்தது, பிளேட்டைக் கழற்றியபின் வெறும் வைப்பர் கையைத் தூக்கி நிறுத்தியபடி விட்டுப் போகாதீர்கள். ஸ்பிரிங் இழுத்து அது கண்ணாடியில் அடித்தால் வெடிப்பு நிச்சயம். கண்ணாடியின்மேல் தடித்த துவாய் ஒன்றை மடித்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஓடுகிறது, ஆனால் துடைக்கவில்லை

கண்ணாடியில் விழும் கோலமே காரணத்தைச் சொல்லிவிடும். மெல்லிய ஒற்றைக் கோடு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுந்தால், றப்பரின் விளிம்பில் வெட்டு இருக்கிறது அல்லது மணல் ஒட்டியிருக்கிறது. ஈரத் துணியை இரண்டு விரலால் பிடித்து விளிம்பு முழுவதும் இழுத்துத் துடையுங்கள். கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்தும் கோடு போகவில்லையென்றால் றப்பரை மாற்றத்தான் வேண்டும்.

பிளேட் கடந்து போனபின் பனிபோல ஒரு படலம் விரிந்து மெல்ல மறைந்தால் றப்பரில் குற்றமில்லை. அது கண்ணாடியில் உள்ள எண்ணெய்ப் படலம். கொழும்பு–காலி வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போகிற வானில் டீசல் புகை படியாமல் இருக்காது. சேர்விஸில் பூசும் மெழுகும் இப்படித்தான் செய்யும். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் ஐசோபுரோபைல் அல்கஹோலால் ஒருமுறை துடையுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரே விரிப்பாக வழிந்தால் சுத்தம். இடையிடையே திட்டுத்திட்டாகத் துளி நின்றால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது.

நடுவிலோ நுனியிலோ அகலமான ஒரு பட்டை துடைபடாமல் விடுபட்டால் பிளேட்டின் முதுகு வளைந்திருக்கலாம், அல்லது கையின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். தொங்கவிடும் ஒரு தராசைப் பிளேட் மாட்டும் இடத்தில் கொளுவிக் கண்ணாடியிலிருந்து மெல்ல இழுத்தால் அழுத்தம் தெரிந்துவிடும். பிளேட்டின் ஒரு சென்ரிமீற்றருக்குச் சுமார் 14 முதல் 17 கிராம் வரை இருந்தால் நல்லது. 50 சென்ரிமீற்றர் பிளேட் என்றால் 700 முதல் 850 கிராம். கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் மட்டும் பிளேட் காற்றில் எழும்பி, ஊருக்குள் ஒழுங்காகத் துடைத்தால் சந்தேகமே வேண்டாம், அழுத்தக் குறைவுதான். முதலில் வைப்பர் கையின் மடிப்பில் ஒரு துளி எண்ணெய் விட்டுப் பத்துத் தடவை மடக்கி நிமிர்த்துங்கள். மடிப்பு இறுகிக் கிடந்தாலும் அழுத்தம் குறையும்.

றப்பர் வாங்கும்போது பிளேட்டின் நீளத்தை அளந்து கொண்டுபோங்கள். வலது பக்கமும் இடது பக்கமும் பல வான்களில் வெவ்வேறு அளவு. “கொஞ்சம் நீளமாகப் போட்டால் நிறையத் துடைக்கும்” என்று நினைத்து நீட்டினால் இரண்டு பிளேட்டும் மோதும், அல்லது ஓரத்துத் தூணில் அடிக்கும். மோட்டருக்கும் சுமை கூடும். ஜப்பான் வான்களின் பிளேட் பெரும்பாலும் முழுதாக மாற்றத் தேவையில்லாதது. உள்ளே செருகும் றப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கும். பழைய றப்பரின் இரு பக்கத்திலும் உள்ள மெல்லிய உலோகப் பட்டிகளை எறிந்துவிடாதீர்கள். அவை வளைந்திருக்கும் திசையைப் பார்த்து, அதே திசையில் புது றப்பருக்கு மாற்றுங்கள். எங்கள் வெயிலில் றப்பர் ஒரு வருடம் தாங்கினால் நன்றாக உழைத்தது என்றே சொல்லலாம். மே மாதத்துக்கு முன் மாற்றுவது உத்தமம்.

றப்பர் பளபளக்க மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ பூசும் பழக்கத்தை விடுங்கள். றப்பர் ஊதி மென்மையாகும். கண்ணாடியிலும் நீங்கள் கழுவிய அதே எண்ணெய்ப் படலம் திரும்ப வரும்.

தடதடவென்று துள்ளுகிறது

இது போகும்போது மட்டும் துள்ளுகிறதா, வரும்போது மட்டுமா என்று பாருங்கள். ஒரு திசையில் மட்டும் துள்ளினால், றப்பரின் உதடு ஒரு பக்கம் படிந்து நிரந்தரமாக வளைந்துவிட்டது, அல்லது கை முறுகியிருக்கிறது. புது றப்பர் போட்டும் துள்ளல் நிற்காவிட்டால் முறுகல்தான். வைப்பரைக் கண்ணாடியின் நடுவில் நிறுத்தி (ஓடும்போது சாவியை அணைத்தால் அங்கேயே நிற்கும்) பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். றப்பர் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் பிளேட்டைக் கழற்றி, கையின் தட்டையான பகுதியை இரண்டு குறடால் பிடித்து மிக மெல்லத் திருப்புங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு திருப்பினாலே அதிகமாகிவிடும். கொஞ்சம் திருப்பி, தண்ணீர் தெளித்துப் பரிசோதித்து, மீண்டும் திருப்புங்கள். காய்ந்த கண்ணாடியில் ஒருபோதும் வைப்பரை ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

மோட்டர் சத்தம் கேட்கிறது, கை அசையவில்லை

மோட்டருக்கு ஒன்றுமில்லை, இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. ஒரு கை மட்டும் அசையாவிட்டால் அதன் நட்டை முதலில் பாருங்கள். வைப்பர் கையின் அடியிலுள்ள சிறு மூடியைக் கிளப்பினால் 10, 12 அல்லது 14 அளவு நட் தெரியும். அது தளர்ந்திருந்தால் ஷாஃப்ட் உள்ளே சுற்ற, கை வெளியே சும்மா இருக்கும். கையைக் கழற்றி, கூம்பான ஓட்டையிலுள்ள பல் வெட்டுகளைப் பாருங்கள். ஷாஃப்ட் இரும்பு, கை பெரும்பாலும் அலுமினியக் கலவை. ஆகவே தேய்வது கைதான். பல்லில் அடைந்த வெள்ளைத் தூளைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து இறுக்கினால் சில வேளை பிடித்துக்கொள்ளும். பல் முழுதாக மழுங்கியிருந்தால் வேறு கை வாங்குங்கள். இடையில் தகரம் செருகி இறுக்குவது பெருமழையில் கைவிடும்.

இரண்டு கையும் அசையாமல் சத்தம் மட்டும் வந்தால், அல்லது ஒரு கையின் நட் இறுக்கமாக இருந்தும் அது ஆடாவிட்டால், நைலோன் புஷ் உடைந்து கம்பி குண்டிலிருந்து கழன்றிருக்கிறது. கையால் அழுத்தித் திரும்ப மாட்டலாம்; வீடு போய்ச் சேர பிளாஸ்ரிக் கட்டு ஒன்றால் இறுக்கியும் கொள்ளலாம். அது அன்றைக்கு மட்டுந்தான். சரியான வேலை, குண்டின் விட்டத்தைக் கலிப்பரால் அளந்து அதற்குரிய புஷ் வாங்கிப் போடுவது. புஷ் தனியாகக் கிடைக்காத வான்களுக்குப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கம்பியும் ஷாஃப்டும் சேர்ந்த முழுத் தொகுதியாகத்தான் எடுக்க வேண்டிவரும்.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சும்: புஷ் ஏன் கழன்றது? வயதால் கழன்றிருக்கலாம். ஷாஃப்ட் இறுகி, மோட்டர் பலமாகத் தள்ளியும் கழன்றிருக்கலாம். கம்பி கழன்று கிடக்கும்போதே ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

மெதுவாகப் போகிறது, பாதியில் நிற்கிறது, சற்று ஓடிவிட்டு அடங்குகிறது

கொழும்பு வான்களில் அதிகம் வருவது இதுதான். தவறாகக் கண்டுபிடிக்கப்படுவதும் இதுதான். ஆகவே ஆறுதலாகப் பார்க்க வேண்டும்.

சில மோட்டர்களில் சூடேறினால் மின்னைத் துண்டிக்கும் பாதுகாப்பு உண்டு. ஐந்து நிமிடம் ஓடி நின்று, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஓடினால், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். என்ன சுமை என்று தேட வேண்டும். செய்ய வேண்டியது இது:

1. வைப்பரை ஓட்டி, சுவிட்சால் நிறுத்தி, அது வழமையான இடத்தில் படுத்தபின் பிளேட் படும் இடத்தில் கண்ணாடியில் ஒட்டுநாடா ஒட்டி அடையாளம் வையுங்கள்.

2. பற்றரியைக் கழற்றுங்கள். கைகளின் நட்டைக் கழற்றிக் கையை அடிப்பகுதியில் பிடித்து இடமும் வலமும் ஆட்டி எடுங்கள். வராவிட்டால் துருநீக்கி எண்ணெய் விட்டுப் பதினைந்து நிமிடம் பொறுங்கள், அல்லது இருகால் புல்லர் (கையைக் கவ்வி இழுத்தெடுக்கும் கருவி) போடுங்கள். சுத்தியலால் ஷாஃப்டின் தலையில் அடித்தால் மரை நசுங்கும், கீழே உள்ள வார்ப்பும் வெடிக்கும்.

3. கண்ணாடிக்குக் கீழுள்ள பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றுங்கள். சில வான்களில் முன் பேனலைத் திறந்தும், சிலவற்றில் டாஷ்போர்ட்டின் கீழாலும்தான் மோட்டரை எட்டலாம். வெயிலில் காய்ந்த கிளிப் உடையும். நாலைந்து மிச்சக் கிளிப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4. தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, கம்பியை மோட்டரின் கிராங்கிலிருந்து கழற்றுங்கள். கிராங்கின் நட்டைத் தொட வேண்டாம். கட்டாயம் கழற்றத்தான் வேண்டும் என்றால், கிராங்குக்கும் ஷாஃப்டுக்கும் குறுக்கே கோடு கீறி அடையாளம் வைத்த பிறகே கழற்றுங்கள். அது ஒரு பல் மாறினாலும் வைப்பர் படுக்கும் இடம் மாறிவிடும்.

5. இப்போது ஒவ்வொரு ஷாஃப்டையும் இரண்டு விரலால் திருப்புங்கள். இலகுவாகத் திரும்ப வேண்டும். குறடு தேவைப்பட்டால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

6. விரலைத் தூர வைத்து, பற்றரியைக் கொழுவி மோட்டரைத் தனியாக ஓட்டுங்கள். சத்தமில்லாமல் சீராகச் சுற்றினால் மோட்டருக்காக ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

ஷாஃப்டின் தலைக்குக் கீழே வளைய கிளிப் இருந்தால் அதைக் கழற்றி, வாஷர்களின் ஒழுங்கைக் குறித்துவைத்து ஷாஃப்டை உருவியெடுங்கள். துருவை 600 இலக்க நீர்க் கடதாசியால் தேய்த்து, ஓட்டையைத் துணியால் துடைத்து, லிதியம் கிறீஸ் தடவிப் பூட்டுங்கள். தலைப்பக்க றப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றுங்கள். மழைத்தண்ணீர் இறங்கிய வழி அதுவே. உருவ முடியாதபடி தட்டி அடைத்த ஷாஃப்ட் என்றால் மேலும் கீழும் துருநீக்கி எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் திருப்பி, துருத்தண்ணீர் வெளியே வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்து, கடைசியில் கியர் எண்ணெய் விடுங்கள். துருநீக்கி ஸ்பிரேயை மட்டும் அடித்துவிட்டு மூடிவிட்டால் சில வாரங்களில் பழைய கதைதான். அது துருவை இளக்கும். மசகாக நின்று பிடிக்காது.

மூடி திறந்திருக்கும்போதே தண்ணீர் வடியும் ஓட்டைகளில் அடைத்த இலைச்சருகையும் எடுத்துவிடுங்கள். மரத்தின் கீழ் நிறுத்தும் வான்களில் அங்கே தண்ணீர் தேங்கி மோட்டருக்குள்ளேயே போயிருக்கும்.

பூட்டும்போது கைகளைப் போடாமல் மோட்டரை ஒருமுறை ஓட்டி நிறுத்துங்கள். அது தன் இடத்தில் நின்றபிறகு, நீங்கள் ஒட்டிய அடையாளத்துக்கு நேராகக் கைகளை வைத்து இறுக்குங்கள்.

ஷாஃப்ட் இரண்டும் இலகுவாகத் திரும்பியும் வைப்பர் மெதுவாகத்தான் போகிறது என்றால், மின் குறைகிறது. மல்டிமீட்டரை 20 வோல்ற் நேர்மின்னுக்கு வையுங்கள். கண்ணாடி ஈரமாக இருக்க, வைப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடாதபோது அளப்பது எதையும் காட்டாது. பற்றரியில் உள்ள வோல்ற்றுக்கும் மோட்டர் கனெக்டரில் உள்ளதற்கும் அரை வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் எங்கோ கனெக்டர் பச்சை பிடித்திருக்கிறது. மோட்டரின் உடம்புக்கும் பற்றரி நெகட்டிவுக்கும் இடையில் 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் சரியில்லை. ஏர்த் போல்ட்டைக் கழற்றி, வளையத்தையும் பொடியின் (வானின் உடற்பகுதியின்) தகட்டையும் இரும்பு மினுங்கும்வரை தேய்த்து, இறுக்கியபின் மேலே வாசலின் பூசுங்கள். கடற்கரைப் பக்க வான்களில் இந்தப் பத்து நிமிட வேலையே பல மோட்டர்களைக் காப்பாற்றும்.

சுவிட்ச் போட்டால் எதுவுமே இல்லை

பியூஸிலிருந்து தொடங்குங்கள். வைப்பருக்கு 15 முதல் 30 அம்பியர் வரை வானுக்கு வான் மாறும்: நீலம் 15, மஞ்சள் 20, வெள்ளை 25, பச்சை 30. எரிந்திருந்தால் அதே அளவு ஒன்று போட்டுப் பாருங்கள். சுவிட்ச் போட்ட கணமே மறுபடி எரிந்தால் எங்கோ வயர் பொடியில் தொடுகிறது. சற்று ஓடியபின் எரிந்தால் மேலே சொன்ன இறுகிய ஷாஃப்ட். 20 இருந்த இடத்தில் 30 போடுவது பழுதைத் தீர்க்காது, வயரை எரிக்கும்.

பியூஸ் நல்லதென்றால் சுவிட்ச் போட்டபடி ஒருவர் இருக்க, மற்றவர் மோட்டரின் உடம்பில் மரப்பிடியால் மெல்லத் தட்டட்டும். உயிர் வந்தால் காபன் பிரஷ் (மோட்டரின் சுழலும் பாகத்துக்கு மின் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்துவிட்டது. வராவிட்டால் கனெக்டரைக் கழற்றி அங்கே மின் வருகிறதா பாருங்கள். மின் வந்தும் ஓடாவிட்டால் மோட்டர். வராவிட்டால் றிலே (சுவிட்ச் சொல்கிறபடி மின்னை இணைத்துத் துண்டிக்கும் சிறு பெட்டி), சுவிட்ச், வயர் என்று பின்னோக்கிப் போங்கள்.

ஒரு வேகம் மட்டும் இல்லை

பெரும்பாலான மோட்டர்களில் பிரஷ் மூன்று: பொதுவானது ஒன்று, மெதுவான வேகத்துக்கு ஒன்று, விரைவுக்கு ஒன்று. மெதுவான வேகத்தைத்தான் அதிகம் பாவிக்கிறோம். அதனால் அந்தப் பிரஷ்தான் முதலில் தேயும். சுவிட்சா பிரஷ்ஷா என்று அறிய, 15 அம்பியர் பியூஸ் வைத்த ஒரு வயரால் பற்றரியிலிருந்து, மோட்டரில் அந்த வேகத்துக்குரிய மின்கம்பிக்கு நேரே மின் கொடுங்கள். ஓடினால் சுவிட்ச் பக்கம் பாருங்கள். மெதுவும் விரைவும் சரியாக ஓடி, விட்டுவிட்டு ஓடுவது மட்டும் இல்லையென்றால் அதற்குரிய றிலே. பல ஜப்பான் வான்களில் அது ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்சுக்குள்ளேயே இருக்கும்.

நிறுத்தினால் நின்ற இடத்திலேயே நிற்கிறது, அல்லது நிற்கவே மாட்டேன் என்கிறது

சுவிட்சை அணைத்த பிறகும் மோட்டருக்கு வேறொரு வழியால் மின் போய்க்கொண்டிருக்கும்; இதுதான் பார்க் வழி. மோட்டரின் கியர் மூடிக்குள் உள்ள ஒரு செப்புத் தட்டு, கை கீழே படுத்ததும் அந்த மின்னைத் துண்டித்து மோட்டரை நிறுத்துகிறது. அந்தத் தட்டில் மின் தொடாவிட்டால் வைப்பர் நடுக் கண்ணாடியில் நிற்கும். துண்டிக்கப்படாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும்.

நடுவில் நிற்கிறது என்றால், சாவியைப் போட்டு, கனெக்டரில் பார்க் வழிக்கு வரும் கம்பியில் 12 வோல்ற் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கியர் மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றித் திறக்கலாம். கறுத்து மெழுகுபோல் ஆகிவிட்ட கிறீஸை மரக்குச்சியால் சுரண்டி, தட்டையும் அதன்மேல் ஊரும் மெல்லிய செப்பு விரல்களையும் கொன்டாக்ட் கிளீனரால் துடையுங்கள். விரல்கள் அமுங்கியிருந்தால் ஒரு மில்லிமீற்றருக்குக் குறைவாகத் தூக்கிவிடுங்கள். பல்லுக்குப் புதுக் கிறீஸ் வையுங்கள், தட்டில் மிக மெல்லிதாகத் தடவினால் போதும்.

நிற்காமல் ஓடினால் மோட்டரைத் திறக்க முன் றிலேயைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் றிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. றிலே மட்டும் மாற்றினால் சரி.

தண்ணீர் பீச்சவில்லை

பம்ப் சத்தம் கேட்டால் குழாயோ துவாரமோ அடைபட்டிருக்கிறது. குழாயைத் துவாரத்துக்கு அருகில் கழற்றி, தண்ணீர் சுவிட்சை அழுத்துங்கள்; தண்ணீர் வந்தால் துவாரத்தை ஊசியால் குத்தி, பின்பக்கமிருந்து காற்று ஊதுங்கள். வராவிட்டால் குழாயில் அடைப்பு, அல்லது தொட்டியின் அடியில் பாசி. சத்தமே இல்லையென்றால் பம்பின் பியூஸும் கனெக்டரும்.

மழைக்குள் நடுவழியில் கிழிந்தால்

எங்கள் வான்களில் ஓட்டுநர் வலது பக்கம். வலது றப்பர் கிழிந்தால் இடது பிளேட்டைக் கழற்றி வலதுக்கு மாற்றுங்கள். சற்றுக் கட்டையாக இருந்தாலும் பார்வைக்குப் போதும். வெறுமையான இடது வைப்பர் கையில் துணி சுற்றிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் இரும்பு கண்ணாடியைக் கீறும்.

மோட்டரேதான் என்று உறுதியானால்

பழைய மோட்டரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். வானின் பெயரைச் சொல்லி வாங்குவது போதாது. ஒரே பெயரில் பல வகை உண்டு. கனெக்டரின் முனைகள் எத்தனை, போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, ஷாஃப்டின் கூம்பும் மரையும் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள வானிலிருந்து கழற்றியது பூட்டினாலும் படுக்கும் இடம் பிழைக்கலாம். காசு கொடுக்க முன் கடையிலேயே பற்றரி வைத்து இரண்டு வேகத்தையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பார்க் கம்பிக்கும் மின் கொடுத்து, மோட்டர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று குறைந்தது ஐந்து தடவை பாருங்கள். ஷாஃப்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.